பழைய கணனிக்குப் புதிய விண்டோஸ் போட முன்

"எங்கட சங்கத்துக் கணனி பழசாப் போச்சு அக்கா. புது விண்டோஸ் போடலாமோ, இல்லாட்டிக் கழிச்சு விடுறதோ?" இந்தக் கேள்வியைக் கடந்த சில மாதங்களாகப் பல சகோதரிகள் என்னிடம் கேட்டு வருகிறார்கள். யுத்தம் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் மாதர் சங்கங்களுக்கும் முன்பள்ளிகளுக்கும் தையல் நிலையங்களுக்கும் நன்கொடையாகக் கிடைத்த மேசைக் கணனிகள் பல இன்றும் பாவனையில் உள்ளன. நான் பார்த்தவற்றில் அநேகமானவை விண்டோஸ் 7இல் இயங்குபவை. சிலவற்றில் விண்டோஸ் 10 உண்டு.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14 அந்த நாளாக அமைந்தது. இதனால் கணனி நின்றுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது நிற்காது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பதற்கு ஆள் இல்லை என்பதுதான் இதன் அர்த்தம். இணைய இணைப்பே இல்லாமல் கடிதம் அடிக்கவும் கணக்கு எழுதவும் மட்டும் பாவிக்கும் கணனி என்றால் அவசரப்பட வேண்டியதில்லை. வங்கி வேலை, மின்னஞ்சல் என்று இணையத்தோடு பாவிப்பவர்கள் மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் மாற்ற முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் இம்மாதம் உட்கார்ந்தேன்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு மாதர் சங்கத்துக்குப் போயிருந்தபோது, கணனி திருத்தும் தம்பி ஒருவர் விண்டோஸ் 7ஐ அழித்துவிட்டுப் புதியதைப் போட ஆயத்தமாக வந்திருந்தார். கெட்டிக்காரப் பிள்ளை, கைகாரன். "ஒண்டும் அழியாது அக்கா, சீ டிறைவை மட்டுந்தான் அழிப்பன், டீ டிறைவ் அப்பிடியே இருக்கும்" என்றார். செயலாளர் சகோதரி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "தம்பி, நாங்கள் எல்லாத்தையும் அந்த முன் படத்திலதானே வைச்சிருக்கிறம்" என்றார். கணனியைத் திறந்ததும் தெரியும் டெஸ்க்டொப்பைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

டெஸ்க்டொப் சீ டிறைவுக்குள்தான் இருக்கிறது. 'டொக்கியூமன்ட்ஸ்', 'டவுன்லோட்ஸ்', 'பிக்சர்ஸ்' எல்லாமே வழமையாக அதற்குள்தான். எங்கள் பெண்களில் டீ டிறைவைத் திறந்து சேமிப்பவர்கள் குறைவு. சேமிக்கும்போது கணனி எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கேயே விட்டுவிடுவோம். ஆகவே "டீ அப்படியே இருக்கும்" என்பது உண்மையாக இருந்தாலும் அதனால் எங்களுக்குப் பிரயோசனம் இல்லை.

அந்த டெஸ்க்டொப்பில் சங்கத்தின் சுழற்சிக் கடன் கணக்கு முழுவதும் இருந்தது. 2013இல் காணாமற்போனோர் தொடர்பாக நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவுக்கு அந்த ஊர்த் தாய்மார் அனுப்பிய முறைப்பாடுகளின் பிரதிகள் இருந்தன. எழுதத் தெரியாதவர்களுக்கு அந்தச் செயலாளரே பக்கத்தில் இருந்து கேட்டு அடித்துக் கொடுத்தவை. ஒரு தாய், மகனுடைய அடையாள அட்டைப் படத்தை ஸ்கான் பண்ணி வைக்கச் சொல்லியிருந்தார். அசல் படம் 2018 டிசெம்பர் வெள்ளத்தில் நனைந்து உருவம் அழிந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் முகம் இப்போது அந்தக் கணனியில் மட்டுமே இருக்கிறது. தம்பியும் கொண்டுவந்த சீடியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். அன்று முழுவதும் பிரதி எடுத்தோம்.

பிரதி எடுப்பதென்றால் இரண்டு இடத்தில் எடுங்கள். ஒன்று பென் டிறைவில், மற்றது இன்னொரு கணனியிலோ வெளி வன்தட்டிலோ. எடுத்ததை வேறொரு கணனியில் போட்டுத் திறந்து பாருங்கள். பெயர் தெரிகிறது என்பதற்காகக் கோப்பு திறக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டையும் ஒரே அலுமாரிக்குள் வைப்பதிலும் அர்த்தமில்லை. ஒன்று தலைவியின் வீட்டில் இருக்கட்டும்.

எங்கள் கணனிகளுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. அது பாமினி. பழைய தமிழ்க் கடிதங்களை நாம் பாமினி எழுத்துருவில்தான் அடித்தோம். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய ஒரு எழுத்துரு. புதிய முறைமையில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் போர்வை விலகி, உங்கள் கடிதம் ஆங்கில எழுத்துகளாகவும் இடையிடையே அரைப்புள்ளிகளாகவும் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருப்பதுதான் அதற்குக் காரணம். இதைப் பார்த்துக் கோப்பு பழுதாகிவிட்டதென்று அழித்தவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அழிக்க வேண்டாம். விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபொன்ட்ஸ்' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. அதிலிருந்து பாமினியையும் நீங்கள் பாவிக்கும் வேறு தமிழ் எழுத்துருக்களையும் முதலிலேயே பென் டிறைவில் எடுத்து வையுங்கள். புதிய முறைமை வந்த பின் அந்தக் கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'இன்ஸ்டோல்' கொடுத்தால் கடிதம் பழையபடி தமிழாகும்.

அச்சு இயந்திரத்தின் மாதிரி இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய இயந்திரங்கள் சிலவற்றுக்குப் புதிய விண்டோஸில் இயக்கி மென்பொருள் கிடைப்பதில்லை. மின்னஞ்சல் கடவுச்சொல்லும் அப்படித்தான். கணனி தானாக நிரப்பிக் கொடுத்துப் பழகியதால், அது என்னவென்று சங்கத்தில் ஒருவருக்குமே ஞாபகம் இருக்காது.

இனி, எதைப் போடுவது? விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி இடமும் போதும் என்பார்கள். எங்களைத் தடுப்பது அதுவல்ல. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய முறைவழியாக்கியும் தேவை. 'திஸ் பிசி' அல்லது 'மை கொம்பியூட்டர்' படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ப்ரொப்பர்ட்டீஸ்' பாருங்கள். ஐ3 - 4130 என்று இருந்தால் நான்காம் தலைமுறை. ஐ5 - 8400 என்றால் எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக 10400 என்று இருந்தால் பத்தாம் தலைமுறை. 2012, 2013இல் நன்கொடையாக வந்த கணனி எதுவும் இதில் தேறாது. தேறாத கணனிக்கும் குறுக்கு வழியால் போட்டுத் தருவோம் என்று சில கடைகளில் சொல்வார்கள். போடலாம். ஆனால் அப்படிப் போட்ட கணனிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை. திருத்தம் வேண்டித்தானே இந்தப் பாடு? விண்டோஸ் 10இல் உள்ள தனிப்பட்ட பாவனையாளர்கள் மைக்ரோசொப்ட் கணக்கொன்றின் மூலம் பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் பெறலாம் என ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அது தவணை நீடிப்பு மட்டுமே.

என்னுடைய அபிப்பிராயம், இப்படியான கணனிகளுக்கு லினக்ஸ் மின்ட் நல்லது. அதற்குக் காசு இல்லை. 2 ஜிபி நினைவகத்திலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் இலகுவாக ஓடும். எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பு பழைய கணனிக்கு இன்னும் பொருத்தம். லிப்ரே ஒஃபிஸ் அதனோடே வருகிறது. உங்கள் வேர்ட், எக்செல் கோப்புகள் அதில் திறக்கும், ஆனால் சில இடங்களில் அட்டவணைக் கோடுகள் கொஞ்சம் விலகலாம். பென் டிறைவிலிருந்து நேரே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் மட்டும் நிறுவலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த விடயம்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். பத்து வருடப் பழைய கணனியிலும் வேகத்தின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கழற்றும் பழைய வன்தட்டை அழிக்காமல், பெயரும் திகதியும் எழுதி அப்படியே பத்திரப்படுத்தலாம் என்பது இன்னொரு நன்மை. அந்தக் கிளிநொச்சிச் சங்கத்தில் அதைத்தான் செய்தார்கள். நினைவகம் வாங்கும்போது பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போங்கள். டிடிஆர் 3 இருக்கும் இடத்தில் டிடிஆர் 4 பொருந்தாது. கணனியின் திகதி ஒவ்வொரு நாளும் பிழையாகக் காட்டினால் உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சின்னப் பற்றரி முடிந்துவிட்டது. திகதி பிழைத்தால் பல இணையத்தளங்கள் திறக்காது. அதையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள்.

நிறுவும் நேரத்தில் மின்சாரம் போனால் வேலை நடுவில் நின்றுவிடும். யுபிஎஸ் இல்லாவிட்டால் மழை, இடி இல்லாத நாளாகப் பார்த்துக் காலையிலேயே தொடங்குங்கள்.

பாமினியில் உள்ள பழைய கடிதங்களை யுனிகோட்டுக்கு மாற்றும் முறையை அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுவரை மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம்.