மூடிய கதவு குற்றச் சான்று ஆகாது

மார்மன்கள் என்று பொதுவாக அழைக்கப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, இந்தியாவில் தன் முதல் ஆலயத்தைப் பெங்களூருவில் கட்டப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவித்தது. 2020 டிசம்பரில் அங்கே வொயிட்ஃபீல்டில் மண்வெட்டி எடுத்து வேலையைத் தொடங்கினார்கள். சென்னைக்கும் இவர்கள் புதியவர்கள் அல்லர். ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஊழியர் 1853-லேயே மெட்ராஸ் வந்து பிரசங்கம் செய்தவர். ஆனாலும் மயிலாப்பூரிலோ தி.நகரிலோ இந்தச் சபையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே தீர்ப்புதான் காதில் விழுகிறது: அது ரகசியச் சடங்குக் கூடம்; சின்னங்கள் எல்லாம் இரவல்; செத்தவர்களைக்கூட மதம் மாற்றுவார்கள்; குடும்பம் என்று சொல்லியே குடும்பத்தைப் பிரிப்பார்கள்.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல. ஆனால் தெருவுக்கொரு கோயிலோடு வாழும் நாம், அடுத்தவர் கோயிலைப் பற்றிப் பேசும்போது கூடுதல் பொறுப்போடு பேச வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். நான்கு குற்றச்சாட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "மறைக்க ஏதோ இருப்பதால்தான் கதவைச் சாத்துகிறார்கள்."

இந்தச் சபைக்கு இரண்டு வகைக் கட்டடங்கள் உண்டு. ஞாயிறு ஆராதனை நடக்கும் கூடத்துக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆலயம் வேறு, ஞாயிற்றுக்கிழமை அது மூடியிருக்கும். சபைப் பொறுப்பாளர்களின் நேர்காணலுக்குப் பிறகு ஆலயப் பரிந்துரை பெற்றவர்களே அதற்குள் போவார்கள். ஆனால் பிரதிஷ்டைக்கு முன்பு அதை எல்லா மதத்தவருக்கும் திறந்து வைத்து, அறை அறையாகக் காட்டுகிறார்கள். ஆலயத்தில் அணியும் உடைகளை 2014-ல் சபையே காணொளியாக வெளியிட்டு விளக்கியது.

கபாலீசுவரர் கோயிலின் கருவறைக்குள் அர்ச்சகர் தவிர மற்றவர் போவதில்லை. ராயபுரத்தில் 1910-ல் எழுந்த பார்சி அக்னிக் கோயிலில் பார்சிகளுக்கு மட்டுமே அனுமதி. தீட்சை பெற்றவர் தம் மந்திரத்தை ஊரறியச் சொல்வதில்லை. இவற்றை நாம் சதி என்று சொல்வதில்லை.

கதவு மூடியிருப்பதைவிட, யாரை எந்தக் காரணத்துக்காக வெளியே நிறுத்துகிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியில் இந்தச் சபையின் பழைய கணக்கு மோசமானது. 1978 வரை கறுப்பின உறுப்பினர்களுக்கு ஆலயத்தின் தரிப்பித்தலும் (உடன்படிக்கைச் சடங்கு) முத்திரித்தலும் (குடும்பத்தை நித்தியமாக இணைக்கும் சடங்கு) மறுக்கப்பட்டன. அது அநீதி, ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடிய மண்ணிலிருந்து அதைக் கண்டிக்க நமக்கு முழு உரிமை உண்டு. ரகசியம் என்ற புகாரோ அந்த உண்மையான குற்றத்தைத் தொடுவதே இல்லை.

2. "சின்னங்கள் ஃப்ரீமேசன்களிடம் திருடியவை."

சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1842 மார்ச்சில் அமெரிக்காவின் நாவூ நகரில் ஃப்ரீமேசன் அமைப்பில் சேர்ந்தார்; அதே ஆண்டு மே மாதம் தரிப்பித்தல் சடங்கை அறிமுகம் செய்தார். இரண்டுக்கும் இடையே ஒற்றுமைகள் உண்டு என்பதைச் சபையே மறுப்பதில்லை. ஆனால் வடிவம் எங்கிருந்து வந்தது என்பதோடு பொருள் முடிந்துவிடுமா? பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறுகிறது, தேர்ப்பவனி வருகிறது, காவி உடுத்தி நடந்தே வருகிறார்கள் பக்தர்கள். வடிவம் இந்த மண்ணுடையது, பக்தி மாதாவுக்குரியது. அதைத் திருட்டு என்று யாரும் சொல்லத் துணியமாட்டோம்.

ஃப்ரீமேசன் கூடம் பெரும்பாலும் ஆண்களின் சகோதரத்துவம். மார்மன் ஆலயமோ கணவன், மனைவி, பிள்ளை, பாட்டன், பூட்டன் எல்லோரையும் ஒரே சங்கிலியில் கோக்க எழுந்தது. சடங்கின் மையமே மாறிவிட்டது.

1853 முதல் 1893 வரை நாற்பது ஆண்டுகள் எடுத்துக் கட்டிய சால்ட் லேக் ஆலயத்தைப் பாருங்கள். சுவர்க் கற்களில் சூரியன், சந்திரன், விண்மீன்கள். மேற்குக் கோபுரத்தில் சப்தரிஷி மண்டலத்தைப் பொறித்திருக்கிறார்கள். அதன் இரண்டு மீன்கள் துருவ நட்சத்திரத்தைக் காட்டும். வழி தவறியவர் ஆசாரியத்துவத்தின் துணையால் வழி காணலாம் என்பது அதன் செய்தி. நம் கல்யாணத்தில் மணமகளுக்கு அருந்ததி காட்டுவதும் அதே மண்டலத்தில்தான். வானம் ஒன்று, விண்மீன்கள் அவையே. நாம் இல்லறத்தின் உறுதியை அங்கே கண்டோம், அவர்கள் வீடு திரும்பும் வழியைக் கண்டார்கள். ஒரு சின்னத்தின் பொருளை அதைக் கொண்டு வாழ்பவரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

ஆலய உடையின் பகுதியான உள்ளாடையைக் கேலி செய்பவர்களுக்கும் இதுவே பதில். பூணூலும் தாலியும் சீக்கியரின் கச்சேராவும் உடலோடு ஒட்டிய வாக்குறுதிகள். அதுவும் அப்படித்தான்.

3. "இறந்தவர்களை மதம் மாற்றுகிறார்கள்."

நடப்பது இது: பன்னிரண்டு எருதுகளின் சிற்பங்கள் தாங்கும் தொட்டியில், இறந்த ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒருவர் மூழ்கி எழுகிறார். முதலாம் கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தை ஆதாரமாகக் காட்டி 1840-ல் ஜோசப் ஸ்மித் போதித்த வழக்கம். அந்த ஆத்துமா மறுமையில் அதை ஏற்கலாம், மறுக்கலாம் என்பது அவர்கள் கோட்பாடு. இறந்தவரை உறுப்பினர் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.

தை அமாவாசையன்று அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கும் நமக்கு, போனவர்களுக்காக இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு என்ற உணர்வு அந்நியமா? சபையின் வம்சாவளி அமைப்பு, யாத்திரிகர் குடும்பங்களின் வம்சாவளியை எழுதிவைக்கும் ஹரித்வார் பண்டாக்களின் பேரேடுகளைப் படமெடுத்துப் பாதுகாத்திருக்கிறது. இந்துக் குடும்பங்களும் அதனால் பயனடைகின்றன.

அத்துமீறலும் நடந்தது. நாஜி வதைமுகாம்களில் மடிந்த யூதர்களின் பெயர்களுக்கு இந்தச் சடங்கைச் செய்தார்கள். யூதர்கள் கொதித்தது முற்றிலும் நியாயம். 1995-ல் சபை அதை நிறுத்த ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் மீறல்கள் வெளிவந்தன. சொந்த முன்னோருக்கு மட்டும் என்ற வரம்பைக் கறாராகக் காக்கும்படி அவர்களை வற்புறுத்துவது சரி. தன் பாட்டிக்காக ஒருவர் செய்யும் கடனை இழிவுபடுத்துவது சரியல்ல.

4. "குடும்பத்தைப் பிரிக்கிறார்கள்."

முத்திரித்தல் அறையில் தம்பதியர் பலிபீடத்தின் இருபுறமும் எதிரெதிரே மண்டியிட்டுக் கைகோக்கிறார்கள். சுவர்களில் எதிரெதிராகக் கண்ணாடிகள். பிம்பத்துக்குள் பிம்பமாக அவர்கள் முடிவில்லாமல் தெரிகிறார்கள். மரணம் வரை என்ற எல்லை அந்த உடன்படிக்கைக்கு இல்லை. ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளையும் வெள்ளை உடுத்தி அழைத்து வந்து பெற்றோருடன் முத்திரிக்கிறார்கள்.

இதில் ஒரு வலி உண்டு. சபையில் இல்லாத அப்பா அம்மா தங்கள் பிள்ளையின் முத்திரித்தலைக் காண முடியாது. அமெரிக்கா போன்ற நாடுகளில், முதலில் ஊரறிய மணந்தவர்கள் ஆலயத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. 2019 மே மாதம் அதை நீக்கினார்கள். பெற்றோரை மணமேடைக்கு அருகில் கொண்டுவந்த நல்ல மாற்றம் அது.

மதம் மாறிய ஒரு தமிழர் தம் முன்னோருக்காக ஆலயம் போக வேண்டுமானால் அவர்களின் பெயர், ஊர், காலம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு இந்து உறவினர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும்தான் போய்க் கேட்டாக வேண்டும். அறுப்பதை நோக்கமாகக் கொண்ட நம்பிக்கை மூன்று தலைமுறைப் பெயர்களைத் தேடச் சொல்லாது.

பெண்களுக்கு ஏன் ஆசாரியத்துவம் இல்லை, ஒருபால் தம்பதியருக்கு ஏன் முத்திரித்தல் இல்லை, 1890-ல் கைவிடுவதாக அறிவித்த பலதார மணத்தின் நிழல் கோட்பாட்டில் இன்னும் எவ்வளவு இருக்கிறது: இவை கேட்க வேண்டிய கேள்விகள். நானும் கேட்பேன். ஆனால் அவர்கள் தங்கள் சின்னங்களுக்குச் சொல்லும் பொருளை முதலில் முழுதாகக் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு மறுப்போம். ஞாயிற்றுக்கிழமை அவர்களின் ஆராதனைக் கூடம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தீர்ப்பெழுத விரும்புகிறவர் அங்கிருந்து தொடங்கட்டும்.