3 முறை வந்து, 3 முறை நின்று போன சேலம் விமானம்: 4-வது முறையாவது நிலைக்குமா? பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி மக்களுக்கு என்ன லாபம்?

பொம்மிடி:-

பொம்மிடி ரெயில் நிலையத்தில் வண்டிக்காக நிற்பவர்கள், தலைக்கு மேல் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. "அதெல்லாம் பெரிய மனுஷங்க போறது, நமக்கு எதுக்கு?" என்று பேச்சை முடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்த "பெரிய மனுஷங்க" சமாச்சாரம் இங்கிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம்தான் அது.

தர்மபுரி மாவட்டத்துக்கு என்று தனியாக விமான நிலையம் கிடையாது. ஆகவே சேலத்தில் விமானம் ஓடினால் அது நமக்கும் சேர்த்துத்தான். பிரச்சினை என்னவென்றால், அங்கே விமானம் ஓடிய காலத்தைவிட ஓடாத காலம்தான் அதிகம்.

வந்ததும் போனதும்

சேலம் விமான நிலையம் 1993-ம் ஆண்டு திறக்கப்பட்டது. காற்றாலை தொழிலில் இருந்த சென்னை நிறுவனமான என்.இ.பி.சி., விமான கம்பெனி தொடங்கி, சேலத்துக்கு முதல் விமானத்தை விட்டது. போதுமான பயணிகள் ஏறவில்லை. கொஞ்ச காலத்திலேயே சேவை நின்றது. அந்த விமான கம்பெனியே 1997-ல் மூடப்பட்டது.

அதன் பிறகு ஓடுதளத்தில் விமானம் இறங்கவே ரொம்ப வருஷம் ஆனது. 2009-ம் ஆண்டு நவம்பர் 15-ந்தேதி கிங்பிஷர் நிறுவனம் சென்னை - சேலம் சேவையை தொடங்கியது. 2011-ல் அதுவும் நின்றது. கடனில் மூழ்கி, ஊழியர்களுக்கு சம்பளம் கொடுக்க முடியாமல் 2012 அக்டோபரில் கிங்பிஷர் மொத்தமாக முடங்கியது.

மூன்றாவதாக வந்தது ட்ரூஜெட். மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச் 25-ந்தேதி சென்னைக்கு விமானம் கிளம்பியது. அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி தொடங்கி வைத்தார். சொந்த மாவட்டத்துக்கு விமானம் வந்த சந்தோஷம் அன்று எல்லோர் முகத்திலும் இருந்தது. இடையில் கொரோனா வந்தது. 2021-ல் அந்த விமானமும் நின்றது.

நான்காவது முறையாக 2023 அக்டோபர் 16-ந்தேதி அலையன்ஸ் ஏர் நிறுவனம் பெங்களூரு - சேலம் - கொச்சி விமானத்தை தொடங்கியது. அதே மாத இறுதியில் இண்டிகோ நிறுவனம் சென்னை, ஐதராபாத் விமானங்களை தொடங்கியது.

ஆக 3 முறை வந்து, 3 முறை போயிற்று. இதில் சேலத்துக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. இந்தியாவில் விமானம் வளர்ந்த கதையை பார்த்தால்தான் காரணம் புரியும்.

புல்தரையில் இறங்கிய காலம்

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந்தேதி ஜே.ஆர்.டி.டாடா, ஒற்றை என்ஜின் குட்டி விமானத்தில் கராச்சியில் இருந்து பம்பாய்க்கு தபால் மூட்டையோடு பறந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக சென்னைக்கு அந்த தபால் வந்து சேர்ந்தது. அன்றைக்கு விமானம் பெரிய ஊர், சின்ன ஊர் பார்க்கவில்லை. வழியில் எண்ணெய் போட பெல்லாரி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவத்துக்கு வேண்டாத டக்கோட்டா விமானங்கள் மலிவாக கிடைத்தன. 20, 30 பேர் உட்காரலாம். மணிக்கு சுமார் 300 கி.மீ. வேகம். கெட்டியான மண் தரையிலும் புல்தரையிலும் இறங்கும். 1949-ல் சென்னை, பம்பாய், டெல்லி, கல்கத்தா ஆகிய 4 நகரங்களில் இருந்தும் இரவில் கிளம்பும் டக்கோட்டாக்கள் நாக்பூரில் சந்தித்து தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பின.

1953-ல் தனியார் விமான கம்பெனிகளை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா என்று ஆனது. அதன் பிறகு விமானங்கள் வரிசையாக மாறின. 1957-ல் வைகவுண்ட், 1964-ல் ஜெட் ரகமான காரவெல், 1970-ல் போயிங் 737, 1976-ல் ஏர்பஸ் ஏ300, 1989-ல் ஏ320 என்று ஒவ்வொன்றாக வந்தன.

வேகம் கூடியது. உட்காரும் ஆட்கள் கூடினார்கள். கூடவே ஓடுதளத்தின் நீளமும் கூட வேண்டியதாயிற்று. டக்கோட்டாவுக்கு போதுமான இடம் ஜெட்டுக்கு போதவில்லை. விமானம் பெரிதாக ஆக ஆக, சின்ன ஊர் கழன்று போனது. சேலம் கதையின் முதல் முடிச்சு இதுதான்.

சின்ன ஊருக்கு என்று வந்தவை

சின்ன ஊர்களை இணைக்கவே 1981-ல் வாயுதூத் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் நெய்வேலி, தஞ்சாவூர் போன்ற ஊர்களுக்கு அதன் 19 இருக்கை டார்னியர் விமானங்கள் வந்துபோயின. நஷ்டம் தாங்காமல் 1993-ல் அது இந்தியன் ஏர்லைன்சோடு சேர்க்கப்பட்டது.

அடுத்து 2003 ஆகஸ்டில் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான், பெங்களூரு - ஹூப்ளி இடையே பறக்க ஆரம்பித்தது. ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2020-ல் வந்த சூர்யாவின் "சூரரைப் போற்று" படம் அவர் வாழ்க்கையை வைத்து எடுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. படத்தில் ஜெயித்தாலும், நிஜத்தில் ஏர் டெக்கானை கிங்பிஷர் வாங்கி, கடைசியில் இரண்டுமே இல்லாமல் போனது.

இந்த வரிசையில் 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரல் 27-ந்தேதி சிம்லா - டெல்லி விமானத்தோடு தொடங்கியதுதான் உடான் திட்டம். ரப்பர் செருப்பு போட்டவரும் விமானத்தில் போக வேண்டும் என்று பிரதமர் மோடி அப்போது சொன்னார்.

திட்டம் இதுதான்:- ஒரு மணி நேர பயணத்துக்கு பாதி இருக்கைகள் சுமார் ரூ.2,500 என்ற உச்சவரம்புக்குள். அதனால் விமான கம்பெனிக்கு விழும் நஷ்டத்தை அரசு 3 ஆண்டுகளுக்கு ஈடுகட்டும். மாநில அரசும் அதில் 20 சதவீத பங்கு கொடுக்க வேண்டும். மத்திய அரசின் பங்குக்கான பணம், பெரிய நகரங்களுக்கு இடையே பறக்கும் விமானங்களிடம் வசூலிக்கப்படுகிறது. விமான பெட்ரோலுக்கு தமிழ்நாட்டில் 29 சதவீத வாட் வரி. உடான் விமான நிலையங்களில் அது 1 சதவீதமாக குறைக்கப்பட்டது.

3 வருஷம் முடிந்தால் என்ன?

இங்கேதான் இடிக்கிறது. மத்திய கணக்கு தணிக்கை துறை 2023-ல் கொடுத்த அறிக்கையை பார்த்தால் தலை சுற்றும். முதல் 3 கட்டங்களில் 774 வழித்தடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கியது 371. அதில் மானிய காலமான 3 ஆண்டுகளை முழுசாக ஓட்டி முடித்தது 112 மட்டுமே. மானியம் நின்ற பிறகும் தாக்குப்பிடித்தது வெறும் 54.

தொட்டில் ஆட்டும் வரைக்கும்தான் பிள்ளை தூங்கும் என்ற கதையாகி விட்டது. சேலத்தில் ட்ரூஜெட் 2018-ல் வந்து 2021-ல் நின்றதும் இதே 3 ஆண்டு கணக்கை ஒட்டித்தான் இருக்கிறது.

அதற்காக திட்டமே வீண் என்று சொல்லிவிட முடியாது. உடான் மூலம் ஒன்றரை கோடி பேர் பறந்துள்ளதாக 2025 பட்ஜெட்டில் மத்திய அரசு கூறியது. அடுத்த 10 ஆண்டுகளில் மேலும் 120 ஊர்களை இணைப்போம் என்றும் அறிவித்தது. தொடங்குவது பெரிசில்லை, நிலைக்க வைப்பதுதான் பெரிசு என்பதே இதுவரை கிடைத்த பாடம்.

எந்த விமானம் இறங்கும்?

சேலம் ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர் நீளம். சுமார் 180 பேர் ஏறும் ஏ320 ரக விமானம் முழு சுமையோடு கிளம்ப சாதாரணமாக 2 கி.மீ.க்கு மேல் வேண்டும். வெயில் காலத்தில் காற்று லேசாகிவிடுவதால் இன்னும் அதிக தூரம் ஓடித்தான் மேலே எழும்பும். ஆகவே சேலத்துக்கு ஏற்றது விசிறி சுற்றும் ஏ.டி.ஆர். ரகம்தான். 70 முதல் 78 பேர் உட்காரலாம். குறைந்த தூரத்துக்கு எண்ணெய் குறைவாக குடிக்கும்.

கிங்பிஷர், ட்ரூஜெட், அலையன்ஸ் ஏர், இண்டிகோ ஆகிய நிறுவனங்கள் சேலத்துக்கு கொண்டுவந்தது இந்த ரகத்தைத்தான். ஆனால் உலகம் முழுக்க இந்த அளவில் விமானம் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கனடாவின் க்யூ400 ரக தயாரிப்பு 2021-ல் நிறுத்தப்பட்டது. பிரான்சும் இத்தாலியும் கூட்டாக நடத்தும் ஏ.டி.ஆர். கம்பெனிதான் பிரதானமாக மிச்சம்.

இன்னொரு பக்கம், 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. எல்லாமே பெரிய ஜெட்டுகள். ஆர்டர் கணக்கு ஆயிரத்தை நெருங்கினாலும் சேலம் மாதிரி ஊருக்கு அதில் ஒன்றுகூட இல்லை.

நிலம் யாருடையது?

"அப்போ ஓடுதளத்தை நீட்டினால் போச்சு" என்று சொல்லலாம். நீட்ட நிலம் வேண்டும். விரிவாக்கத்துக்கு சுமார் 570 ஏக்கர் தேவை என்று 2018-ல் வேலை தொடங்கியபோது காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி பகுதி விவசாயிகள் எதிர்த்து போராட்டத்தில் இறங்கினார்கள். கிணறும் தோப்பும் வீடும் போனால் பிழைப்பு எங்கே என்பது அவர்கள் கேள்வி.

அந்த வலி நம் பகுதிக்கு புதுசு இல்லை. அதே 2018-ல் சேலம் - சென்னை 8 வழிச்சாலைக்காக பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் கல் நட்டபோது ஊரே கொந்தளித்தது. 2019 ஏப்ரலில் ஐகோர்ட்டு அந்த நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, புதிதாக அறிவிப்பு வெளியிட்டு நடவடிக்கை எடுக்கலாம் என்றது. விமானம் வேண்டும் என்பவரும், நிலம் போகக்கூடாது என்பவரும் இங்கே ஒரே குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

ஓசூர் வந்தால் சேலம் என்னாகும்?

2024 ஜூன் 27-ந்தேதி அப்போதைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகள் வந்துபோகும் அளவுக்கு விமான நிலையம் அமைக்கப்படும் என்று சட்டசபையில் அறிவித்தார். ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி 150 கி.மீ. சுற்றளவில் மைசூரு, ஹாசன் தவிர வேறு புது விமான நிலையம் 2033 வரை வரக்கூடாது. ஆகவே நாளைக்கே நடக்கிற காரியம் இல்லை. ஓசூர் வந்தால் தர்மபுரி மாவட்டத்துக்கு நல்ல வழி கிடைக்கும். அதே நேரம் சேலத்தில் ஏறுகிற கூட்டம் அங்கே பிரியவும் வாய்ப்பு உண்டு.

பொம்மிடிக்காரருக்கு கணக்கு

கடைசியாக நம்ம கணக்குக்கு வருவோம். பொம்மிடியில் ஏறினால் எக்ஸ்பிரஸ் ரெயில் சுமார் 5 மணி நேரத்தில் சென்னையில் இறக்கிவிடும். விமானம் என்றால் காமலாபுரம் போக ஒரு மணி நேரம். சோதனை, காத்திருப்பு என்று இன்னொரு மணி நேரம் முன்னாடியே போக வேண்டும். பறப்பது ஒரு மணி நேரம். மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் போக ஒரு மணி நேரம். ஆக 4 மணி நேரம். மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு ரெயில் டிக்கெட்டை போல பல மடங்கு பணம் கட்ட வேண்டும். கட்டணமும் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. கூலி வேலை செய்பவர் யாரும் இந்த கணக்குக்கு தலையாட்ட மாட்டார்.

அது போதாதென்று 2023 ஏப்ரல் முதல் சென்னை - கோவை வந்தே பாரத் ரெயிலும் ஓடுகிறது. பொம்மிடியில் நிற்காது என்றாலும் சேலத்தில் நிற்கிறது. சேலம் - சென்னை விமானத்துக்கு நிஜமான போட்டி இன்னொரு விமானம் இல்லை, தண்டவாளம்தான்.

விமானம் உதவுவது வேறு இடத்தில். துபாய், சிங்கப்பூர் வேலைக்கு போகிறவர் இப்போது மூட்டை முடிச்சோடு ராத்திரி பஸ் பிடித்து பெங்களூருக்கோ சென்னைக்கோ ஓட வேண்டி இருக்கிறது. வழியனுப்பப் போகும் குடும்பத்துக்கு கார் வாடகை தனி. காமலாபுரத்திலேயே பெட்டியை ஒப்படைத்து, சென்னை, ஐதராபாத், கொச்சி போன்ற ஊரில் விமானம் மாறி, கடல் தாண்ட முடிந்தால் அந்த அலைச்சல் குறையும். சேலத்து விமானம் நிலைக்க வேண்டும் என்றால், ரெயிலோடு மோதும் சென்னை பயணிகளை மட்டும் நம்பாமல், இப்படி தூர ஊருக்கு போகிறவர்களை பிடிக்க வேண்டும்.

அதற்கு முதலில் அவர்கள் காமலாபுரம் போய்ச்சேர வேண்டாமா? விமான நேரத்துக்கு தகுந்த மாதிரி தர்மபுரி, பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்து ஒரு அரசு பஸ் விட்டால் அதுவே பாதி உதவி. ஆட்டோவுக்கும் வாடகை காருக்கும் விமான கட்டணத்தில் பாதியை கொடுத்துவிட்டு யார் ஏறுவார்கள்?

தொடக்க விழாவுக்கு மாலை, மரியாதை எல்லாம் பல முறை நடந்தாயிற்று. இனிமேல் பார்க்க வேண்டியது மானியம் இல்லாமலும் விமானம் கிளம்புகிறதா என்பதைத்தான். அது தெரியும் வரைக்கும், நிலம் கேட்டு வருகிறவர்களிடம் "முதல்ல ஓட்டிக் காட்டுங்க" என்று விவசாயி கேட்பதில் தப்பே இல்லை.