சர்க்கரை கேட்டால் வெல்லம் தருவார்கள்!

சரக்கு விசாரிக்கப் போடிநாயக்கனூர் வரை சென்றிருந்த நாங்கள், போடிமெட்டு வழியாக மூணாறுக்கும் ஏறி வந்தோம். ஏலக்காய் ஏலம் போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் நடப்பது நம் உறுப்பினர்கள் அறிந்ததே. அந்த ஏல விலையை விடவும் நமக்குப் பயன்படும் ஒன்றை மூணாறு கடைத்தெருவில் கண்டோம்.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என மூன்று ஆறுகள் கூடும் ஊர் மூணாறு. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) அதன் அருகில்தான் உள்ளது. ஊர் இருப்பது கேரளத்தில். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து சென்ற குடும்பத்தினர். ஆகவே கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் சரிசமமாக ஒலிக்கின்றன.

ஒரு மளிகைக் கடையில் நின்றோம். தோட்டத்து அம்மாவுக்குத் தமிழில் விலை சொன்ன கடைக்காரர், அடுத்து வந்தவரிடம் மலையாளத்தில் பேசினார். நாங்கள் மறையூர்ப் பக்கத்துச் சரக்கு பற்றிக் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "இங்கே சர்க்கரை என்றால் சிலருக்குச் சீனி, சிலருக்கு வெல்லம். ஆளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்." மலையாளத்தில் சர்க்கர என்பது வெல்லம், சீனிக்குப் பெயர் பஞ்சசார. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற 'மறையூர் சர்க்கர'யும் வெல்லமே! இந்த ஒரு சொல் தெரியாத கடைக்காரர், மாற்றிக் கட்டிய பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இது மூணாறுக்கு மட்டும் உரியதன்று. ஆல்ப்ஸ் மலை நடுவே, இத்தாலியின் வடகோடியில் உள்ள போல்சானோ நகரில் இத்தாலிய மொழியும் ஜெர்மன் மொழியும் வழங்குகின்றன. 1635இல் அங்கே வணிகர்களுக்கென்றே ஒரு நீதிமன்றம் ஏற்படுத்தப்பட்டது. அதில் இரு மொழி வணிகர்களும் நடுவர்களாக அமர்ந்து சந்தை வழக்குகளைத் தீர்த்தனர். மொழி வேறாக இருந்தாலும் வியாபாரம் நிற்கக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

நம் புதுச்சேரிக்கும் இது புதிதன்று. தெருப் பலகைகளில் இன்றும் தமிழும் பிரெஞ்சும் உண்டு. பெருவணிகரான ஆனந்தரங்கப் பிள்ளை 1747இல் தலைமைத் துபாஷி ஆனார். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர். அவர் தம் நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதினார் என்பதையும் மறக்கலாகாது. பிற மொழி அறிந்ததால் அவர் தமிழ் குறைந்துவிடவில்லை.

இன்று நம் நிலை என்ன? கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளியும் கடற்கரைக்கு வந்த சுற்றுலாப் பயணியும் நம் கடை வாசலில் தயங்கி நிற்கிறார்கள். கேட்கத் தெரியவில்லை, நமக்கும் புரியவில்லை. உடனே பேச்சே தேவைப்படாத பெரிய அங்காடிக்குப் போய், அடுக்கில் இருப்பதை எடுத்து, அச்சிட்ட விலையைக் கொடுத்துவிட்டுச் செல்கிறார்கள். அங்கே விலை குறைவு என்று மட்டும் நாம் புலம்புகிறோம். வாய் திறக்காமலேயே நாம் இழக்கும் வியாபாரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பெரிய செலவு ஏதும் வேண்டாம். விலைப் பலகையில் மேலே தமிழும், கீழே வாடிக்கையாளர் அறிந்த ஒரு மொழியும் இருக்கட்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய் என அன்றாடம் விற்கும் சரக்குகளின் பெயர்களைக் கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுப்போம். மாஹேக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு என நம் ஆட்சிப் பகுதியிலேயே மொழிகள் பல. எனவே தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி, பிரெஞ்சு ஆகியவற்றில் சரக்குப் பெயர் அட்டை ஒன்றை அச்சிட்டு ஒவ்வொரு கடைக்கும் வழங்கச் சங்கம் முன்வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

தராசு சரியாக இருந்தால் மட்டும் போதாது. எதை நிறுத்தோம் என்பது வாங்குபவருக்கும் புரிய வேண்டும். நாணயமான வியாபாரத்தில் அதுவும் சேர்த்திதானே!