பஸ் நிற்காத இடங்கள்

பரந்தன் சந்தியில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் ஏ35. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு எண்டு போய் முல்லைத்தீவில் முடியும். வழியெல்லாம் வயல், பனை, காடு, பிறகு நந்திக்கடல். பஸ் யன்னலால பார்த்தால் வடிவான வீதிதான். அதை நாங்கள் மறுக்கேல்லை.

சண்டை முடிஞ்ச கையோட தெற்கிலிருந்து சுற்றுலா பஸ்கள் வரத் தொடங்கின. நயினாதீவு விகாரைக்குப் போற வழியில் கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி, தாமரை முளைச்ச சீமெந்துக் கட்டி, ஆனையிறவில் 1991 சண்டையின் கவச புல்டோசர். ஏ35 பக்கம் திரும்பின பஸ்கள் புலிகளின் நீச்சல் தடாகத்தையும், புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலக்கீழ் வீட்டையும், முல்லைத்தீவுக் கரையில் துருப்பிடிச்ச ஃபாரா கப்பலையும் பார்த்தன. 2013 ஒக்டோபரில் அந்த வீட்டை இராணுவமே வெடி வைத்துத் தகர்த்தது. அவ்வளவு நாளும் சனத்துக்குக் காட்டினதும் அவைதான். என்ன கணக்கோ தெரியேல்லை.

பஸ் நின்ற இடமெல்லாம் இரும்பும் கொங்கிரீட்டும். அதில சனம் எங்க?

பரந்தன் 2009 ஜனவரி 1 இல் இராணுவத்திடம் போனது. எங்கட அம்மா அப்பா சட்டி பானையை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய் நகர்ந்ததும் இதே ஏ35 ஆலதான். எங்களுக்கு அப்ப ஐந்து, ஆறு வயது. அந்த மாதமே உடையார்கட்டு, சுதந்திரபுரம் பக்கத்தை 'பாதுகாப்பு வலயம்' எண்டு அறிவித்தார்கள். நம்பிப் போன சனத்துக்கு மேல அங்கேயும் ஷெல் விழுந்தது. இண்டைக்கு பஸ் அந்த இடத்தைச் சில நிமிசத்தில் தாண்டிவிடும். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் பிள்ளைகளைத் தேடிப் போராடத் தொடங்கிய தாய்மார் இருந்ததும் ஏ9 கரையில்தான். சீமெந்துக் கட்டியைப் படம் எடுக்க இறங்கினவர்களுக்கு அது தூரமில்லை.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அப்படித்தான். குளோரின் செய்த இடம் எண்பதுகளில் யுத்தத்தோட நின்றுபோச்சு. பெயர் மட்டும் கொழும்பில் ஒரு கொம்பனியாக இருந்து குளோரின் இறக்குமதி செய்தது.

எங்கட நண்பர்கள் சிலர், 'செத்த வீட்டை ஏன் காட்சிக்கு வைக்கோணும், வராமலே விடட்டும்' என்கினம். கோபம் விளங்குது. ஆனால் உடன்பாடில்லை. அவர்கள் எப்படியும் வருவார்கள். நாங்கள் வாயை மூடினால் பலகையில் எழுதினதுதான் கதை. வாசித்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, கொண்டுவந்த சோற்றையே வீதிக்கரையில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்துக் கடையில் ஒரு தேத்தண்ணி கூட விற்காது. ஒரு மணித்தியாலம் 'அம்மாச்சி'யில் இருந்து சாப்பிட்டால், சமைக்கிற அக்காமாரோட இரண்டு சொல்லாவது கதைப்பார்கள்.

எங்களுக்கு இன்னொரு நினைவுச்சின்னம் தேவையில்லை, ஏற்கெனவே போதுமான சீமெந்து இருக்கு. வழிகாட்டி தேவை, அதுவும் இந்த மண்ணிலிருந்து. சிங்களம் கதைக்கக்கூடிய பெடியள், பெட்டையள் எங்கட கலைப்பீடத்திலேயே இருக்கினம். பிரதேச சபையோ கூட்டுறவுச் சங்கமோ ஒரு சின்னக் கொடுப்பனவோட இதைத் தொடங்கலாம். பரந்தன் சந்தியில் ஒருவர் பஸ்ஸில் ஏறினால், வட்டுவாகல் பாலம் வரைக்கும் கதைக்க விசயம் இருக்கு.