வராத நோயின் பாரம்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், சித்திக்குச் சினைப்பைப் புற்றுநோய். இப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணை மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும்படி மருத்துவர் சொல்கிறார். ‘பிஆர்சிஏ 1 மரபணுவில் பிறழ்வு உண்டு’ என்று முடிவு வருகிறது. உடம்பில் கட்டியும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் அன்றைக்கே தூக்கம் போய்விடுகிறது. “வராத நோய்க்கு ஏன் அழுகிறாய்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். அவளுடைய தவிப்புக்குக் காரணம் இருக்கிறது; அதை ஆற்ற வழியும் இருக்கிறது.

முதலில், பரிசோதனை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பிஆர்சிஏ 1 பதினேழாம் குரோமோசோமில் இருப்பதை 1990-ல் மரபியல் ஆய்வாளர் மேரி கிளேர் கிங் காட்டினார். பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற இந்த மரபணுக்கள் எல்லோரிடமும் உண்டு. டிஎன்ஏவில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்வது அவற்றின் வேலை. அவற்றில் ஒன்றில் பிறழ்வு இருந்தால் பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம். சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு பிஆர்சிஏ 1-க்குச் சுமார் 44, பிஆர்சிஏ 2-க்குச் சுமார் 17 சதவீதம். இது பெரிய ஆபத்துதான், ஆனாலும் நோய் வந்துவிட்டது என்று பொருளல்ல. ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்று முடிவு வந்தால், அதை மட்டும் வைத்து அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது.

இந்தப் பெண்களின் மனத்துயரம் பல விதம். ஸ்கேன் நாள் நெருங்கும்போதெல்லாம் பயம் திரும்புகிறது. ‘என் மகளுக்கும் கொடுத்துவிட்டேனோ’ என்ற குற்ற உணர்வு அரிக்கிறது. பிறழ்வு இல்லை என்று தெரிந்த சகோதரிகூட, ‘அக்காவுக்கு இருக்கிறதே’ என்று நிம்மதியைத் தொலைக்கிறாள். வரன் தேடும் வீட்டில் இது வெளியே சொல்லக்கூடாத ரகசியமாகிவிடுகிறது. பிறழ்வு பிள்ளைகளுக்குப் போகும் வாய்ப்பு 50 சதவீதம். அது தந்தை வழியாகவும் வரும், மகனுக்கும் போகும். பெண்ணின் தலையில் மட்டும் பழியைப் போட அறிவியலில் இடமில்லை.

முடிவு தெரிந்த தொடக்க மாதங்களில் கூடும் பதற்றம், பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் தணிந்துவிடுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்களுக்கும், முன்பே மனச்சோர்வு இருந்தவர்களுக்கும் கூடுதல் துணை தேவை.

பதற்றத்தைக் கூட்டுவது அவசரம். உண்மையில் யோசிக்க நேரம் இருக்கிறது. பொதுவாக 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, 30-லிருந்து மேமோகிராமும் சேர்த்துப் பரிந்துரைக்கிறார்கள். சினைப்பைக்கு நம்பகமான முன்கண்டறியும் சோதனை இல்லாததால், பிஆர்சிஏ 1 உள்ளவர்களுக்குக் குழந்தைப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள் அதை அகற்றச் சொல்கிறார்கள். நடிகை ஏஞ்சலினா ஜோலிகூட மார்பகத்தை முன்னெச்சரிக்கையாக அகற்றும் அறுவையை 2013-லும் சினைப்பை அறுவையை 2015-லுமாகத் தனித்தனியே செய்துகொண்டார். அவருடைய முடிவு எல்லோருக்கும் விதியாகிவிடாது. மார்பகத்தைப் பொறுத்தவரை, தொடர் கண்காணிப்பைத் தேர்ந்தெடுப்பதும் முறையான மருத்துவமே.

சினைப்பையை எடுத்தால் மாதவிடாய் ஒரேயடியாக நின்றுவிடும். உடம்பு திடீரென்று கொதிப்பது, தூக்கமின்மை, மனநிலை மாற்றம், தாம்பத்திய நாட்டம் குறைவது எல்லாம் வரலாம். மார்பகம் இழந்தபின் கண்ணாடி முன் நிற்கவே கூசும் பெண்கள் உண்டு. இவற்றை அறுவைக்கு முன்பே, கணவரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

பரிசோதனைக்கு முன்பும் பின்பும் மரபியல் ஆலோசனை அவசியம். “தூக்கம் எப்படி இருக்கிறது?” என்ற கேள்வியை ஒவ்வொரு பரிசோதனையின்போதும் மருத்துவர் கேட்க வேண்டும். தாங்க முடியாத நேரத்தில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். குடும்பத்தார் செய்ய வேண்டியது, அறிவுரையை நிறுத்திவிட்டு அவள் பேசுவதைக் கேட்பது. முடிவெடுக்கும் உரிமையை அவளிடமே விடுவது.