கோழிக்கு உண்டு, மாட்டுக்கு உண்டு, நாய்க்கு மட்டும் இல்லையா?



போன மாதம் ரேஷன் கடைக்குப் பக்கத்தில் நாலாம் வகுப்புத் தம்பி ஒருவனை நாய் கடித்தது எல்லாருக்கும் தெரியும். எந்த நாய் என்று கேட்டால் "ஏதோ தெருநாய்" என்று பலர் சொல்கிறார்கள். தெருநாய் இல்லை. அது எங்க வீட்டு நாய் கருப்பன்தான். கயிறு அவிழ்ந்து ஓடியது எங்க தப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மாதம் விடுகதை எழுதாமல் இதை எழுதுகிறேன்.

கடித்தவுடன் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பாட்டி காப்பித்தூள் கொண்டு வந்தார். இன்னொருத்தர் சுண்ணாம்பு வைக்கச் சொன்னார். மிளகாய்ப்பொடி என்றுகூட ஒரு குரல் கேட்டது. நல்லவேளை நம்ம அறிவியல் டீச்சர் அந்த வழியாக வந்தார். யாரையும் கிட்டே விடாமல் தம்பியைத் தெருக்குழாய்க்கு இழுத்துப் போய், துணி சோப்பைப் போட்டுக் கழுவினார். ஒரு நிமிஷம் இல்லை, 15 நிமிஷம்! தம்பி கத்தினான். டீச்சர் விடவில்லை. கிருமி நரம்புக்குள் போகும் முன்னால் முடிந்த வரை கழுவி வெளியேற்றிவிட வேண்டுமாம். காயத்தில் எதையும் அப்பக்கூடாது, கட்டும் போடக்கூடாது.

அதற்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரி. எங்க அப்பாவும் கூடவே போனார். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வளர்ப்பு நாயா? ஊசி போட்டிருக்கா?"

அப்பா "போட்டிருக்கோம் சார்" என்றார்.

"எப்ப?"

"குட்டியா இருக்கப்ப."

"அதுக்கு அப்புறம்?"

அப்பாவிடம் பதில் இல்லை. கருப்பனுக்கு இப்போது நாலு வயசு. குட்டியில் ஒரே ஒரு தடவை போட்டது. சீட்டும் எங்கேயோ தொலைந்துவிட்டது. "ஒரு தடவை போட்டா போதாதா?" என்றுதான் எங்க வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தம்பிக்கு ரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போட்டார்கள். சீட்டில் நாலு தேதி எழுதிக் கொடுத்தார்கள். கடித்த அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். ஊசிக்குக் காசு இல்லை. ஆனால் அவன் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நாள் கூலி போனது. பஸ் செலவு வேறு. எங்க அப்பா பணம் கொடுக்கப் போனார். அந்த அம்மா வாங்கவில்லை. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாம இருந்தா போதும்ணே" என்று சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

தாத்தா காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களே, அது இப்போது கிடையாது. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. நம் நாட்டில் 2005 வாக்கில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில்தான் போடுகிறார்கள். ஏன் இதை எழுதுகிறேன் என்றால், தொப்புள் ஊசிக்குப் பயந்து நாய் கடித்ததையே வீட்டில் மறைக்கிற பிள்ளைகள் நம்ம பள்ளியிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். குட்டி நாய் பல் பட்டாலும், நகம் கீறினாலும் சொல்லிவிடுங்கள். அடி விழுந்தால் விழட்டும். வெறிநாய்க்கடி நோய் ஒருத்தருக்கு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் அதன்பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. ஊசி எல்லாம் அதற்கு முன்னால்தான்.

இப்போது கருப்பன் கதைக்கு வருகிறேன். ஊரில் பாதிப் பேர் "அடிச்சுக் கொன்னுடுங்க" என்றார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. கட்டிப்போட்டு 10 நாள் கவனிக்கச் சொன்னார். எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய் அந்தப் பத்து நாளுக்குள் நோய் காட்டிவிடும், செத்தும் போகும். கொன்றுவிட்டால் அது தெரியாமலே போய்விடும். (அதுவரை தம்பியின் ஊசி காத்திருக்கக் கூடாது. அது உடனே ஆரம்பிக்க வேண்டும்.)

அந்தப் பத்து நாளும் நான் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டேன். சோற்றுத் தட்டைக் கம்பால் தள்ளி வைப்போம். தினமும் என் காலில் வந்து முகத்தைத் தேய்க்கிற நாயை எட்டி நின்று பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாலாம் நாள் அது சோறு தின்னவில்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. கருப்பனுக்காக அழுதேனா, அந்தத் தம்பிக்காக அழுதேனா என்று எனக்கே தெரியாது. ஐந்தாம் நாள் பாதி தின்றது. பத்துக் கோடும் போட்டு முடித்தபோது அது உயிரோடு இருந்தது.

வெறி பிடித்த நாய் என்றால் நாக்கைத் தொங்கப்போட்டு ஊரெல்லாம் ஓடிக் கடிக்கும் என்றுதான் நமக்குத் தெரியும். இன்னொரு வகை இருக்கிறதாம். சத்தம் போடாமல் மூலையில் கிடக்கும், தாடை தொங்கும், விழுங்க முடியாது, எச்சில் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து நாமே வாய்க்குள் கையை விடுவோம். இதைச் சொன்னவர் கால்நடை டாக்டர். கேட்டதிலிருந்து எனக்குக் கை நடுங்குகிறது. ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கருப்பன் தொண்டையிலிருந்து நானே ஒரு கோழி எலும்பை எடுத்திருக்கிறேன்.

பதினொன்றாம் நாள் கருப்பனைச் சாக்கில் உட்கார வைத்து, டி.வி.எஸ். 50-ல் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே போனால் டாக்டர் ஊசியே போடவில்லை! முதலில் காய்ச்சல் பார்த்தார். ஈற்றைத் தூக்கிப் பார்த்தார், வெளுத்துப் போயிருந்தது. காதுக்குள் புளியங்கொட்டை மாதிரி உண்ணிகள். எடை பார்த்தார். "உடம்பு சரியில்லாதப்ப தடுப்பூசி போட்டா சரியாப் பிடிக்காது. முதல்ல இதைச் சரி பண்ணுவோம்" என்று மாத்திரையும் குடற்புழு மருந்தும் கொடுத்து ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். அப்பாவுக்குக் கோபம். கொத்தனார் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்கு மட்டும் நாலாம் நாள் ஏன் அது சாப்பிடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அதற்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது. தினமும் பக்கத்தில் இருந்தும் நமக்குத் தெரியவில்லை. அதற்கு வாய் இல்லையே.

ஒரு வாரம் கழித்துப் போனபோது ஊசி போட்டார். எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை என்று நான் நோட்டு எடுத்துப் போய்க் கேட்டு எழுதினேன். அப்பா முறைத்தார், டாக்டர் சிரித்தார். அவர் சொன்னது இதுதான்.

குட்டிக்கு முதல் சில வாரம் தாயின் சீம்பாலில் வந்த சக்தி இருக்கும். அது இருக்கும்போது ஊசி போட்டால் பிடிக்காமல் போகலாம். அது எப்போது குறையும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ரத்தக்கழிச்சல் மாதிரி நோய்களுக்கான ஊசியை 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 16 வாரம் ஆகும் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நம்ம ஊரில் "குட்டி போட்டதுல ரெண்டுதான் தங்குச்சு" என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதில் பாதி இந்த ரத்தக்கழிச்சலாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

வெறிநாய்க்கடி ஊசி 3 மாதத்தில். டாக்டர் சொல்கிற இடைவெளியில் இன்னொன்று. அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. வெளிநாடுகளில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போடுகிற மருந்தும் உண்டாம். மருந்து டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து டாக்டர்தான் தேதி சொல்ல வேண்டும். கருப்பனுக்கு நடுவில் ரொம்ப வருஷம் விட்டுப்போனதால் மூன்று வாரம் கழித்து இன்னொன்று போடச் சொல்லியிருக்கிறார். போட்ட அன்றைக்கே பலன் வந்துவிடாது, சில வாரம் ஆகும்.

"வருஷா வருஷம் குத்தினா நாய்க்குச் சத்து போயிடும், வேட்டைக்கு ஆகாது" என்று எங்க பெரியப்பா சொல்கிறார். அவரிடம் நான் வாதாடினேன். எல்லா ஊசியும் வருஷா வருஷம் வேண்டாம் என்பது உண்மைதான். பெரிய நாய் ஆனபின் சில ஊசிகளை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போட்டாலே போதும் என்று டாக்டரே சொன்னார். எலிக்காய்ச்சலுக்கு உள்ளது மட்டும் வருஷம் ஒரு முறை. எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துச் சொல்லத்தானே வருஷம் ஒரு தடவை கொண்டு போகச் சொல்கிறேன்? பெரியப்பா "படிச்ச திமிரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் கேட்டார்.

இனிமேல்தான் என் முக்கியமான வருத்தம். மாட்டுக்குக் கோமாரி ஊசி போட வருஷத்தில் இரண்டு தடவை ஊருக்கே வருகிறார்கள். கோழிக்கழிச்சலுக்குப் பிப்ரவரியில் முகாம் நடக்கிறது. கோழியை மடியில் வைத்துக்கொண்டு நாமும் வரிசையில் நிற்கிறோம். நாய்க்கு ஊருக்குள் முகாம் வந்து நான் பார்த்ததில்லை. நாய் பால் தராது, முட்டை போடாது, அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் மாட்டுக்குக் கோமாரி வந்தால் பால் போகும். நாய்க்கு வெறி வந்தால் பிள்ளை போகும். கணக்குப் போட்டால் எது பெரிசு?

அதிகாரிகளை மட்டும் குறை சொல்லவில்லை. ஜூலை 6 அன்று அரசு கால்நடை ஆஸ்பத்திரிகளில் இந்த ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். 1885-இல் அதே தேதியில்தான் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போட வைத்தார். நம்ம குன்னூரில் அவர் பெயரிலேயே 1907 முதல் ஒரு நிறுவனம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், நம்ம ஊரிலிருந்து ஜூலை 6-க்கு நாயைக் கூட்டிப் போனவர் யார்? கல்யாண வீட்டுக்கு வேன் பிடிக்கிறோம், இதற்குப் பிடிக்க மாட்டோமா?

நானும் என் தோழியும் எங்க தெரு நாய்களை எண்ணினோம். வீட்டு நாய், தெரு நாய் எல்லாம் சேர்த்து 20. இந்த வருஷம் ஊசி போட்டது கருப்பனோடு சேர்த்து 3. ஒரு ஊரில் 100 நாய்க்கு 70 நாய்க்காவது ஊசி போட்டிருந்தால் நோய் பரவாமல் நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியென்றால் எங்க தெருவுக்கு 14 வேண்டும். இன்னும் 11. கல்லால் அடித்து விரட்டினால் அந்த 11 வராது, அடுத்த தெருவுக்குப் போய் அங்கே கடிக்கும். தெருநாய்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2023-இல் வந்த மத்திய அரசின் விதியிலேயே இருக்கிறது. அடுத்த கிராம சபையில் இதை யாராவது பெரியவர்கள் எழுந்து கேட்க வேண்டும். பெரியவர்கள் கேட்காவிட்டால் நான் கேட்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா "வாயை மூடு" என்றார். தலைமை ஆசிரியர் அனுமதித்தால் 9-ஆம் வகுப்பு மாணவிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு எழுதித் தருகிறோம்.

நேற்று தம்பிக்கு 28-ஆம் நாள் ஊசி. போட்டுவிட்டு வரும் வழியில் எங்க வாசலில் நின்றான். கருப்பனுக்கு ஒரு பிஸ்கட்டைத் தூரத்திலிருந்து எறிந்தான். அது அவன் கால் பக்கத்திலேயே விழுந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை 8 மணிக்குக் கருப்பனை இரண்டாவது ஊசிக்குக் கொண்டு போகிறோம். மருந்து இருக்கிறதா என்று அப்பா முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறார். எதிர்வீட்டு அண்ணன் லோடு ஆட்டோ தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் இன்னும் நாலைந்து நாய்க்கு இடம் இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் பெயர் கொடுக்கவும். கழுத்துக் கயிறும் ஒரு பழைய சாக்கும் நீங்களே கொண்டு வர வேண்டும். கடிக்கிற நாய் என்றால் முன்னாலேயே சொல்லிவிடவும்.

— 9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி