குரோம் துருப்பிடிக்காது, ஸார்!

பழைய பைக் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பாடுகிற பொதுப்பாட்டு ஒன்று உண்டு. "எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு ஸார். குரோம்தான் துருப்பிடிச்சுப் போச்சு!"

தப்பு. குரோம் துருப்பிடிக்காது. காற்று பட்டதுமே தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்ஸைடு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா மாதிரி, யாரோடும் ஒட்டாமல் விறைப்பாக உட்கார்ந்துவிடும். துருப்பிடிப்பது அடியில் இருக்கிற இரும்பு. பழி மட்டும் மேலே பளபளப்பவனுக்கு!

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அடியேன் படித்தது பி.காம். கெமிஸ்ட்ரி நமக்கு ப்ளஸ் டூவுக்கு முன்னாலேயே டாட்டா காட்டிவிட்டது. ஆனால் இதில் இருக்கிறது முக்கால்வாசி கணக்குதான்.

பைக்கின் ஹாண்டில்பாரிலும் சைலன்ஸரிலும் நீங்கள் பார்க்கிற குரோம் பூச்சின் தடிமன் கால் மைக்ரானிலிருந்து அரை மைக்ரான் வரைதான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். அதாவது ஒரு முடியின் தடிமனுக்குள் நூற்றைம்பது, இருநூறு குரோம் பூச்சுகளை அடுக்கலாம் (என் தலையில் முடி மிச்சமிருக்கும்போதே கணக்குப் போட்டு வைத்துவிட்டேன்). இவ்வளவு மெலிசான சமாச்சாரம் மழையையும் சேற்றையும் எப்படித் தாங்கும்? தாங்காது. அதற்கு அடியில் பத்து, இருபது மைக்ரானுக்கு நிக்கல் பூசியிருப்பார்கள். காவல் வேலை முழுக்க அதனுடையது. ஆபீஸில் ஃபைல் எல்லாம் ஹெட்கிளார்க் பார்ப்பார், கதவில் பெயர் மட்டும் மேனேஜருடையதாக இருக்குமே... நிக்கல்தான் இங்கே ஹெட்கிளார்க்.

குரோம் பூச்சில் இயற்கையாகவே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு. அடியில் நிக்கலும் ஊசித்துவாரமாக எங்காவது விட்டுப்போயிருந்தால் போச்சு. தண்ணீரும் உப்பும் அது வழியாக இறங்கி இரும்பைத் தொடும். இரும்பு துருவாகி, உப்பி, வந்த வழியே மேலே ஏறிப் பழுப்பாகப் பரவும். சாக்கடை மூடியில் சின்ன ஓட்டை இருந்தால் தெருவெல்லாம் நாறுகிற மாதிரி. நாம் பார்க்கிற பழுப்பில் பெரும்பகுதி குரோமின் மேலே வந்து படிந்ததுதான். அதைத் துடைத்தால் அடியில் குரோம் பத்திரமாக இருக்கும்.

எனக்கு இந்த ஞானமெல்லாம் வந்தது மாமனார் வீட்டு யெஸ்டியால். 1984 மாடல். அடுத்த தலைமுறைக்காகச் சொல்கிறேன்: மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பிறந்த வண்டி. ஒரே சிலிண்டர், அதற்கு இரண்டு சைலன்ஸர்! கிக்கரும் கியரும் ஒரே கம்பி. உதைத்து ஸ்டார்ட் செய்து, அதையே முன்னால் மடக்கினால் கியர். தொழிற்சாலையை 1996ல் மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் 2022ல் புது வண்டியில் திரும்பி வந்திருக்கிறது.

மாமனார் வீடு திருவல்லிக்கேணி. கடற்காற்று கூப்பிடு தூரம். உப்புக்காற்று குரோமுக்கு சனி என்றால், ஒன்பது வருஷம் ஓடாமல் ஷெட்டில் நின்றது ஏழரைச் சனி. போன தை மாதம் மச்சினன் அதன் மேலிருந்த சாக்கை உருவினான். இரண்டு சைலன்ஸரும் அம்மை போட்ட மாதிரி இருந்தன.

"அத்தான், பேசாம ரெண்டையும் பிளேட்டிங்குக்குக் குடுத்துடலாம்."

"அவசரப்படாதேடா. முதல்ல கழுவிப் பாரு."

கழுவுவதற்குள் தெருவே யோசனை சொல்ல வந்துவிட்டது. எதிர் வீட்டு மாமி, புளியும் உப்பும். குத்துவிளக்குக்கு அமிர்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குரோமுக்கு எமனே அந்த உப்புதான். அதைக் கையாலேயே தேய்த்து ஓட்டைக்குள் அனுப்புவானேன்? முனை மெக்கானிக் கொஞ்சம் வீரர். பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டிலோடு வந்தார். ஸார், கையெடுத்துக் கும்பிடுகிறேன், அதைச் செய்யாதீர்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் துருவையும் எடுக்கும், குரோமையும் சேர்த்தே கரைக்கும். திருடனைப் பிடிக்க வந்த போலீஸ், பீரோவையும் தூக்கிக்கொண்டு போகிற கதை. எமரித்தாள், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் இரண்டும் இதே ஜாதி. அழுக்கு போகும், கீறல் தங்கும்.

வேலை செய்தது எது தெரியுமா? சப்பாத்தி சுற்றுகிற அலுமினிய ஃபாயில். வீட்டில் அது இல்லாததால் சிகரெட் பாக்கெட்டின் சில்வர் பேப்பர். மச்சினன் உள்ளே போய் ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தான். அவ்வளவு எங்கிருந்து கிடைத்தது என்று மாமனாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சூட்சுமம் இதுதான். உலோகங்களில் குரோம் மகா கெட்டி. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் எட்டரை. அலுமினியம் மூன்றைத் தொடாது. ஃபாயில் துருவைச் சுரண்டி இழுக்கும், குரோமைக் கீறத் தெம்பிருக்காது. ஃபாயிலைக் கசக்கி உருட்டி, தண்ணீரில் நனைத்து, சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தவே வேண்டாம். இரண்டு நிமிஷத்தில் சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி வரும். துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால்... அட, உங்கள் முகம்!

தண்ணீருக்குப் பதில் கோலா ஊற்றலாம் என்பார்கள். அதில் கொஞ்சம் பாஸ்பாரிக் ஆசிட் இருப்பதால் துருவுக்கு நல்லதுதான். மச்சினன் அரை பாட்டிலை வண்டிக்கும் அரை பாட்டிலை வயிற்றுக்கும் ஊற்றினான். வண்டியைச் சரியாக அலசாமல் போய்ப் படுத்துவிட்டான். காலையில் எறும்புகள் யெஸ்டியில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன.

சைலன்ஸர் ஆறின பிறகு வேலையைத் தொடங்குங்கள். முதலில் ஷாம்பூ போட்டு மண்ணை அலசுங்கள். மண்ணோடு தேய்த்தால் ஃபாயில் உப்புத்தாள் ஆகிவிடும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, உடனே ஈரம் போகத் துடையுங்கள். ரிம்மில் ஸ்போக்ஸ் நுழைகிற இடத்தில் தண்ணீர் ஒளிந்திருக்கும், அங்கே துணி முனையைத் திருகி விடுங்கள். அப்புறம் கார் மெழுகு. இந்த மெழுகை எல்லோரும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். துருவை எடுத்தது பாதி வேலைதான். துவாரம் திறந்தபடியே இருக்கிறது. அதை அடைப்பது மெழுகு. போடாவிட்டால் அடுத்த மழைக்கே பழைய குருடி.

சைலன்ஸரின் வளைவில் நீலமும் மஞ்சளுமாகத் தெரிகிறதே, அது துரு இல்லை. சூட்டில் வந்த நிறம். கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினாலும், டைமிங் தவறினாலும் வரும். எஞ்சினைச் சரி செய்யாமல் பாலிஷ் போடுவது, சளிக்கு மூக்கை மட்டும் துடைத்துக்கொள்வது போல.

இதற்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. துடைத்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கினால் பிழைத்தீர்கள். குழியில் நகம் மாட்டினால் நிக்கலும் போய்விட்டது, அதற்குமேல் தேய்ப்பது பலன் தராது. பூச்சு கொப்புளித்து உரிகிறதா? கையை எடுத்துவிடுங்கள். இலேசான நீலப் பளபளப்புக்கு நடுவே மஞ்சள் தட்டினால் குரோம் தேய்ந்து ஹெட்கிளார்க் வெளியே வந்துவிட்டார் என்று அர்த்தம். பாலிஷ் என்பது ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவு செய்வதுதான். வட்டி என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேஸ்ட் போட்டுத் தேய்க்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. இருப்பு அரை மைக்ரான், ஸார்!

நகப் பரீட்சையில் வலது சைலன்ஸர் ஃபெயில். இடது பாஸ்.

பிளேட்டிங் பட்டறைக்கு நானும் போனேன். பழைய பூச்சைக் கரைத்து, பஃபிங் சக்கரத்தில் தேய்த்து, தாமிரத் தொட்டி, நிக்கல் தொட்டி, கடைசியில் குரோம் தொட்டி. குரோமில் இருக்கும் நேரம் சில நிமிஷங்கள்தான். அதனால் "குரோம் நல்லாப் போடுவீங்களா?" என்று கேட்காதீர்கள். "நிக்கல்ல எவ்வளவு நேரம் போடுவீங்க?" என்று கேளுங்கள். மலிவு ரேட்டில் அடிபடுவது அந்த நேரம்தான். வீட்டுக்கு வரும்போது இரண்டும் ஒரே மாதிரி மின்னும். அடுத்த ஐப்பசியில் வித்தியாசம் தெரியும்.

அந்தத் தொட்டியில் இருப்பது குரோமிக் ஆசிட். அதன் ஆவி, பாதுகாப்பில்லாமல் வருஷக்கணக்கில் வேலை செய்கிறவரின் மூக்குத் தண்டில் ஓட்டையே போடும், நுரையீரலில் புற்றுநோயும் தரும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலை ஒன்று விட்டுப்போன கழிவு மட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். நிலத்தடி நீர் வரை இறங்கியது. பட்டறையில் வேலை பார்த்த பையன் கையில் உறை இல்லை. கேட்டேன். "வேர்க்குது ஸார்" என்றான். துடைத்தே காப்பாற்ற முடிகிற சாமானை அந்தத் தொட்டிக்கு அனுப்ப எனக்கு அதன் பிறகு மனசு வரவில்லை.

மச்சினனுக்கு வந்தது. "ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசா இருந்தா அசிங்கமா இருக்கும் அத்தான். ரெண்டையும் குடுத்துடுவோம்." இடது சைலன்ஸரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக என்னமோ உருகி ஒட்டியிருந்தது. ஃபாயிலுக்கு அசையவில்லை. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டினால் இந்த மாதிரி பிளாஸ்டிக் கறை வந்துவிடும். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுக் குச்சியோடு உட்கார்ந்தான்.

திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார், பேப்பரை இறக்காமலே சொன்னார். "அதை விட்டுடு."

"கறைப்பா."

"கறை இல்லேடா. உங்கம்மா புடவை."

வண்டி வாங்கிய புதிது. நைலக்ஸ் புடவை. ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தவரின் தலைப்பு நழுவி சைலன்ஸரில் பட்டிருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து வீடு வரை திட்டிக்கொண்டே வந்தாராம், அப்புறம் ஒரு வாரம் பேச்சே இல்லையாம். மாமியார் போய் நாலு வருஷமாகிறது. "நானும் அப்பவே சுரண்டிப் பார்த்தேன் மாப்பிள்ளை, வரலை" என்றார் என்னிடம். அவ்வளவுதான் பேசினார். பேப்பர் மறுபடி முகத்துக்கு நேரே போய்விட்டது.

மச்சினன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எஞ்சினை அணைத்தான்.

வலது சைலன்ஸர் மட்டும் பட்டறைக்குப் போய் வந்தது. இடது பக்கம் அந்தக் கறையைச் சுற்றி ஃபாயிலால் துடைத்து மெழுகு போட்டோம். பார்க்கிறவர்கள், "ஒண்ணை விட்டுட்டீங்களே" என்கிறார்கள்.

போன வாரம் போயிருந்தேன். "மழைக்கு முன்னாடி இன்னொரு தரம் மெழுகு போட்டுடுடா" என்றேன். டப்பா காலி என்றான் மச்சினன். அவன் ஒரு தடவைதான் தொட்டானாம். காலையில் காப்பி குடித்ததும் மாமனார் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விடுகிறாராம்.